டிஷ்வாஷரில் பாத்திரம் பளிச்சென்று வர: தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

புது டிஷ்வாஷர் வந்த முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு கண்ணாடி டம்ளரில் வெள்ளையாக ஒரு படலம் தெரியும், எவர்சில்வர் தட்டில் சொட்டுச் சொட்டாகத் திட்டு விழும், கிண்ணத்தின் அடியில் மணல் போல ஏதோ ஒட்டியிருக்கும். உடனே விலை கூடின டிடர்ஜென்ட் வாங்குவோம், இருப்பதிலேயே சூடான ப்ரோகிராமை ஓட்டுவோம், கடைசியில் பாத்திரத்தைக் கையால் கழுவிவிட்டு மெஷினில் வைக்க ஆரம்பித்துவிடுவோம். இந்தச் சுற்று முழுவதையும் நானும் சுற்றி வந்ததால் சொல்கிறேன்: வெள்ளைத் திட்டுக்கான காரணம் பெரும்பாலும் மெஷினில் இல்லை, அதற்குள் போகும் தண்ணீரில் இருக்கிறது. ஆகவே கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் நான்கையும் ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் மற்றவை தினசரிப் பழக்கம்தான்.

1. கையேட்டையும் வாரன்டி தாள்களையும் கையில் எடுங்கள்

கையேடு முழுவதையும் படிக்கத் தேவையில்லை. நான்கு பக்கங்கள் போதும்: தண்ணீரின் கடினத்தன்மைக்கான அட்டவணை, ப்ரோகிராம்களின் அட்டவணை (எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம்), பாத்திரம் அடுக்கும் படம், பிழைக் குறியீடுகள். இந்த நான்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கூடவே பில், வாரன்டி அட்டை, மெஷினைப் பொருத்திய தேதி எழுதிய தாள் ஆகியவற்றையும் படம் எடுத்துவிடுங்கள். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பெரும்பாலும் கதவின் ஓரத்திலோ உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். சர்வீஸுக்குக் கூப்பிட்டால் முதல் கேள்வியே அதுதான். வாரன்டியில் எதெல்லாம் சேராது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். உப்புப் படிவால் வந்த பழுதைச் சேர்க்காத வாரன்டிகள் உண்டு.

2. தண்ணீரின் கடினத்தன்மையை அளங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும்தான் கடினத்தன்மை. தண்ணீர் சூடாகும்போது இவை சுண்ணாம்புப் படிவாகப் பிரிந்து கண்ணாடியிலும், மெஷினின் ஹீட்டரிலும், தண்ணீர் பீச்சும் துளைகளிலும் ஒட்டிக்கொள்ளும். டிடர்ஜென்டின் ஒரு பகுதியையும் இவையே தின்றுவிடும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் டிஷ்வாஷருக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

அளப்பதற்குக் கடினத்தன்மைச் சோதனைப் பட்டை வாங்குங்கள். தண்ணீரில் ஒரு நொடி நனைத்து எடுத்து, உறையில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து, நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் முடிந்தது. ஆகும் செலவு மிகக் குறைவு. தண்ணீர் வழங்கும் அமைப்பே கடினத்தன்மை அளவை வெளியிடும் ஊரில் இருந்தால் அந்தச் செலவும் இல்லை.

இங்கே இரண்டு இடங்களில் சறுக்கலாம். ஒன்று, டிஷ்வாஷருக்குப் போகும் குழாயின் தண்ணீரைத்தான் அளக்க வேண்டும், குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீரை அல்ல. இன்னொன்று, டிடிஎஸ் மீட்டர். அது கரைந்திருக்கும் எல்லா உப்புகளையும் மொத்தமாகக் கணக்கிடும். கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. டிடிஎஸ் எண்ணைக் கடினத்தன்மை என்று நினைத்து மெஷினில் போட்டால் கணக்கே தப்பிவிடும்.

அளவு பொதுவாக ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். பிபிஎம் என்பதும் அதே எண்தான். 60-க்குள் இருந்தால் மென்மையான தண்ணீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். பல மெஷின்களின் கையேட்டில் ஜெர்மன் டிகிரியில் கொடுத்திருப்பார்கள். 1 ஜெர்மன் டிகிரி என்பது 17.8 மில்லிகிராம். உங்கள் அளவு 356 என்றால் 20 ஜெர்மன் டிகிரி.

கிணறு, ஆழ்துளைத் தண்ணீர் என்றால் மழைக்கும் கோடைக்கும் அளவு மாறும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மறுபடி அளங்கள்.

3. மெஷினில் அந்த எண்ணைப் போட்டு, உப்பை நிரப்புங்கள்

உப்பு போடும் அறை உள்ள மெஷின்களுக்குத்தான் இது. அடித்தட்டை வெளியே இழுத்தால் மெஷினின் தரையில் திருகு மூடி ஒன்று தெரியும், அதுதான். எல்லா மெஷின்களிலும் இது இருப்பதில்லை. இல்லாத மெஷினாக இருந்து, உங்கள் தண்ணீரும் கடினமாக இருந்தால், குழாயிலேயே ஒரு தண்ணீர் மென்மையாக்கி பொருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு.

அந்த உப்பு அறையை ஒட்டி, பிசின் (ரெசின் எனப்படும் சிறு மணிகள்) நிறைந்த இன்னொரு அறை இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது கால்சியமும் மெக்னீசியமும் பிசினில் மாட்டிக்கொண்டு, சோடியம் வெளியே வரும். பிசின் நிறைந்துபோனதும் உப்புக் கரைசலால் அது கழுவப்பட்டு மீண்டும் தயாராகும். எத்தனை கழுவலுக்கு ஒருமுறை அப்படிச் செய்ய வேண்டும் என்பதை நீங்கள் போடும் கடினத்தன்மை எண்தான் தீர்மானிக்கிறது. எண்ணைச் சரியாகப் போடாமல் உப்பை மட்டும் நிரப்பி வைத்தால் பாதி வேலைதான் நடக்கும். எங்கள் வீட்டில் மெஷினைப் பொருத்தியவர் உப்பைக் கொட்டிக் காட்டினாரே தவிர இந்த எண்ணைத் தொடவே இல்லை. உங்கள் வீட்டிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நிரப்பும் முறை: முதல் தடவை மட்டும் அறை நிறையும் வரை தண்ணீர் ஊற்றுங்கள், சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். பிறகு புனல் வைத்து உப்பைக் கொட்டுங்கள். கொள்ளளவு மாடலைப் பொறுத்தது, ஒரு கிலோவுக்கு அக்கம்பக்கமாக இருக்கும். கொட்டக் கொட்டத் தண்ணீர் வழியும், அது இயல்பு. அறையின் வாயில் சிந்திய உப்பைத் துடைத்துவிட்டு மூடியை இறுக்கமாகத் திருகி, உடனே ஒரு ப்ரோகிராமை ஓட்டுங்கள். "இரவு ஓட்டிக்கொள்ளலாம்" என்று விட்டுவிடக் கூடாது. வழிந்த உப்புத் தண்ணீர் எவர்சில்வர் தரையில் மணிக்கணக்கில் நின்றால் அரிக்கும். உப்பு தீர்ந்ததைக் காட்டும் விளக்கு அணைவதற்குச் சில கழுவல்கள் ஆகலாம், அதற்காக மறுபடி கொட்ட வேண்டாம்.

டிஷ்வாஷர் உப்பு என்று தனியாக விற்பதை மட்டும் போடுங்கள். சமையல் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களும் அயோடினும் இருக்கும், துகளும் நுண்ணியது, அறை அடைத்துக்கொள்ளும். இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த அறையில் டிடர்ஜென்டைக் கொட்டிவிடுவது. பிசின் வீணாகி, பழுது பார்க்கும் செலவு பெரிதாகிவிடும். வீட்டில் யார் மெஷினை ஓட்டினாலும் இது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் ஒன்றில்" என்று விற்கும் மாத்திரைகளில் உப்பின் வேலையைச் செய்யும் பொருளும் இருக்கிறதே என்று கேட்கலாம். மிதமான கடினத்தன்மைக்கு அது போதும். சில கையேடுகள் 21 ஜெர்மன் டிகிரி வரை என்று எல்லை போட்டிருக்கின்றன. அதற்கு மேலே போனால் தனி உப்பைத் தவிர்க்க முடியாது.

4. ரின்ஸ் எய்ட் ஊற்றுங்கள்

சொட்டுத் திட்டுக்கு நேரடி மருந்து இந்தத் திரவம்தான். கடைசி அலசலில் சில மில்லிலிட்டர் மட்டும் தானாக வெளியேறி, தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும். அப்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய தகடாக வழிந்து போய்விடும். சொட்டு நிற்காவிட்டால் திட்டும் இல்லை. பாத்திரம் சீக்கிரம் உலர்வதும் இதனால்தான்.

அளவை மாற்ற ஒரு அமைப்பு இருக்கும். நடு எண்ணில் தொடங்குங்கள். திட்டு விழுந்தால் ஒரு படி கூட்டுங்கள். கண்ணாடியில் நீலச் சாயலோ கோடுகளோ தெரிந்தால் ஒரு படி குறையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று கழுவல்கள் விட்டுப் பாருங்கள். வெளியே சிந்தினால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நுரை கிளம்பும்.

ரின்ஸ் எய்டுக்குப் பதில் வினிகர் ஊற்றலாம் என்று பலர் சொல்வார்கள். வேண்டாம். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்குமே தவிர தண்ணீரைத் தகடாக ஓட வைக்காது. நாளடைவில் ரப்பர் பாகங்களையும் கெடுக்கக்கூடும்.

5. டிடர்ஜென்ட்: தூளா, மாத்திரையா, ஜெல்லா

என் தேர்வு தூள். அழுக்குக்கும் தண்ணீருக்கும் ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்க முடியும். மென்மையான தண்ணீரில் ஒரு முழு மாத்திரை அதிகம், மிகக் கடினமான தண்ணீரில் அதே மாத்திரை போதாது. ஆனால் மாத்திரையில் அளக்கும் வேலை இல்லை, அது சௌகரியம்தான். ஜெல்லில் பொதுவாக ப்ளீச் இருக்காது. டீ, காபிக் கறை உள்ள கோப்பைகள் அதிகம் என்றால் ஜெல் ஏமாற்றும்.

தூளிலும் மாத்திரையிலும் இருக்கும் என்சைம்கள் மாவுப் பசையையும் புரதத்தையும் உடைக்கின்றன, ஆக்சிஜன் ப்ளீச் கறையை வெளுக்கிறது. இரண்டுக்குமே சூடும் நேரமும் தேவை. அரை மணி நேர ப்ரோகிராமில் மாத்திரை சில சமயம் முழுதாகக் கரைவதே இல்லை.

டிடர்ஜென்டை அதற்கான பெட்டியில்தான் போட வேண்டும். மெஷினின் தரையில் எறிந்தால், முன்கழுவல் உள்ள ப்ரோகிராம்களில் அந்தத் தண்ணீரோடு வெளியே போய்விடும். முக்கியக் கழுவல் வெறும் தண்ணீரில் நடக்கும். பெட்டி ஈரமாக இருந்தால் மாத்திரை அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டை ஈரம் படாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இது சாதாரண சோப்பைவிடக் காரம் அதிகமானது.

கையால் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு துளிகூட இதில் ஊற்றக் கூடாது. நுரை கதவு வழியாகச் சமையலறைத் தரைக்கு வந்துவிடும்.

6. வழித்துப் போடுங்கள், கழுவிப் போடாதீர்கள்

எலும்பு, விதை, தோல், பெரிய துணுக்கு ஆகியவற்றை வழித்துக் குப்பையில் தள்ளினால் போதும். குழாயடியில் கழுவிய பிறகு மெஷினில் வைப்பது இரட்டைச் செலவு. சாதாரணக் குழாய் முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 6 முதல் 10 லிட்டர் வரை போகும். முழு அளவு டிஷ்வாஷர் ஒரு சிக்கனக் கழுவலுக்கு எடுப்பதே ஏறக்குறைய 9 முதல் 12 லிட்டர். ஆட்டோ ப்ரோகிராம் உள்ள பல மெஷின்களில் தண்ணீரின் கலங்கலை அளக்கும் சென்சார் இருக்கிறது. கழுவிய பாத்திரத்தைப் பார்த்தால் அழுக்கே இல்லை என்று அது கழுவலைச் சுருக்கிவிடும். ஒன்றிரண்டு பாத்திரத்தில் ஒட்டியிருப்பது அப்படியே நின்றுவிடும்.

தீய்ந்து பிடித்ததை மட்டும் ஊற வைத்துச் சுரண்டுங்கள். மெஷின் நிறைய இரண்டு நாள் ஆகும் என்றால், டிடர்ஜென்ட் போடாமல் "அலசல் மட்டும்" ப்ரோகிராமை ஒருமுறை ஓட்டிவையுங்கள். நாற்றமும் வராது, காய்ந்தும் போகாது.

7. அடுக்கும் விதம்

தண்ணீர் படாத இடம் சுத்தமாகாது. அடுக்குவதில் உள்ள மற்ற எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

தண்ணீர் கீழிருந்து மேலேயும் நடுவிலிருந்து ஓரத்துக்கும் பாயும். எனவே அழுக்குப் பக்கம் கீழேயோ நடுவையோ பார்க்க வேண்டும். கிண்ணங்களைக் கவிழ்த்து, சற்றே சாய்த்து வையுங்கள். நேராகக் கவிழ்த்தால் அடிக் குழியில் தண்ணீர் தேங்கி, அங்கேதான் திட்டு விழும். ஒன்றுக்குள் ஒன்றாக எதையும் செருகாதீர்கள். கீழ்த்தட்டின் நடுவில் அகலமான பாத்திரத்தை வைத்தால் அது குடை பிடித்ததுபோல மேல்தட்டுக்குப் போகும் தண்ணீரை மறித்துவிடும். அதை ஓரத்தில் நிறுத்துங்கள். டிடர்ஜென்ட் பெட்டிக்கு எதிரே உயரமான எதையும் வைக்காதீர்கள், பெட்டி திறக்க இடம் வேண்டும்.

டம்ளர், கோப்பை, பிளாஸ்டிக் எல்லாம் மேல்தட்டில். கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் சிலதை மேல்நோக்கியும் சிலதைக் கீழ்நோக்கியும் கலந்து போடுங்கள். கத்தியின் முனை மட்டும் எப்போதும் கீழே. கண்ணாடிகள் ஒன்றையொன்று உரசாமல் இருக்கட்டும்.

கதவை மூடும் முன் தண்ணீர் பீச்சும் கைகள் இரண்டையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒரு கரண்டிக் காம்பு தட்டினாலும் அந்தக் கழுவல் முழுக்க வீண். மூன்று நொடி வேலை, ஆனால் பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

8. மெஷினில் வைக்கக் கூடாதவை

மரம் (வெடிக்கும், விரியும்), வார்ப்பிரும்பு (எண்ணெய்ப் பதம் போய்த் துருவேறும்), பூச்சில்லாத அலுமினியம் (சாம்பல் நிறமாகக் கறுக்கும்), செம்பு, பித்தளை (மங்கும்), நல்ல கத்திகள், தங்கக் கரை போட்ட பீங்கான், கிரிஸ்டல், பசையால் ஒட்டிய கைப்பிடி உள்ளவை, இரட்டைச் சுவர் உள்ள ஃப்ளாஸ்க். ஒட்டாத வாணலியை, மெஷினில் போடலாம் என்ற குறி இருந்தாலும், நான் கையால்தான் கழுவுகிறேன். பூச்சின் ஆயுள் கூடும். காகித லேபிள் ஒட்டிய ஜாடியை உரிக்காமல் வைக்காதீர்கள். லேபிள் கூழாகி ஃபில்டரில் போய் அடைக்கும்.

9. எந்த ப்ரோகிராம், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு

மின்சாரத்தின் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே போகிறது. அதனால்தான் ஈகோ ப்ரோகிராம் மூன்று, நான்கு மணி நேரம் ஓடினாலும் குறைவாகச் செலவாகிறது: சுமார் 50 டிகிரி சூட்டில் நின்று நிதானமாக ஊறவைத்துக் கழுவும். முழு அளவு மெஷினில் ஒரு ஈகோ கழுவலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் மணி அல்லது அதற்கும் கீழே. நேரம் நீள்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. தினசரி இதையே ஓட்டுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கும் அடிபிடித்ததும் நிறைய இருந்தால் 65 முதல் 70 டிகிரி வரை போகும் இன்டென்சிவ். அவசர ப்ரோகிராம் என்பது காயாத டம்ளருக்கும் தட்டுக்கும் மட்டும். பலவற்றில் உலர்த்தும் கட்டம் இருக்காது, ஈரத்தோடுதான் எடுப்பீர்கள். பாதி நிரப்பி ஓட்டினால் செலவு பாதியாகாது, கொஞ்சம்தான் குறையும். நிறைந்த பிறகு ஓட்டுவதே சிக்கனம். இரவில் மின்கட்டணம் குறைவான இடமாக இருந்தால் தாமதத் தொடக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

10. முடிந்ததும்

சத்தம் கேட்டவுடன் திறக்க வேண்டாம். கால் மணி நேரம் விட்டு, கதவைச் சற்றே திறந்து ஆவியை வெளியேற்றுங்கள். எடுக்கும்போது முதலில் கீழ்த்தட்டு, பிறகு மேல்தட்டு. மாற்றி எடுத்தால் கோப்பைகளின் மேல் தேங்கிய தண்ணீர் உலர்ந்த தட்டுகளில் சொட்டும். பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது, ஆகவே பெரும்பாலான மெஷின்களில் அது முழுதாக உலராது. துணியால் துடைத்துவிடுங்கள்.

11. ஃபில்டரும் உட்புறமும்

ஃபில்டரைத் திருகித் தூக்கி, குழாயடியில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். முதலில் வாரம் ஒருமுறை பாருங்கள். எவ்வளவு சேர்கிறது என்று தெரிந்த பிறகு இடைவெளியை நீங்களே முடிவு செய்யலாம். கம்பி நார் போட்டால் வலை கிழியும். திரும்ப வைக்கும்போது இறுகும் வரை திருக வேண்டும். தளர்வாக இருந்தால் துணுக்குகள் உள்ளே போய்ப் பீச்சும் துளைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை அந்தத் துளைகளை ஒரு பல்குச்சியால் குத்திச் சுத்தம் செய்து, கதவு ரப்பரையும் அதன் கீழ் ஓரத்தையும் துடையுங்கள். கழுவல் அந்த ஓரத்தைத் தொடாது, நாற்றம் தொடங்குவதே அங்குதான்.

சில மாதங்களுக்கு ஒருமுறை டிஷ்வாஷர் க்ளீனர் போட்டு, பாத்திரமில்லாமல் சூடான ப்ரோகிராமில் ஓட்டுங்கள். அமிலம் கலந்த க்ளீனரோடு குளோரின் ப்ளீச்சைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

12. இன்னும் திட்டு இருந்தால்

திட்டு விழுந்த டம்ளரில் ஒரு பகுதியை வினிகரில் நனைத்துச் சில நிமிடம் விடுங்கள். படலம் கரைந்தால் அது சுண்ணாம்பு: இரண்டாவது, மூன்றாவது படிகளுக்குத் திரும்புங்கள். வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் உப்பு அறையின் மூடி சரியாக இறுகவில்லை. பாத்திரத்தை நக்கிப் பார்த்தாலே உப்புக் கரிக்கும். மணல் போல் துணுக்கு என்றால் ஃபில்டர் அல்லது அடுக்கிய விதம். பிசுக்காக வழவழத்தால் டிடர்ஜென்ட் குறைவு, அல்லது சூடு போதவில்லை.

வினிகரிலும் அசையாமல், வெளிச்சத்தில் வானவில் போல மினுங்கி மங்கியிருந்தால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. மென்மையான தண்ணீரில் டிடர்ஜென்ட் அதிகமாகி, சூடும் கூடினால் இப்படி ஆகும். இதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. மீதிக் கண்ணாடிகளைக் காப்பாற்ற டிடர்ஜென்ட் அளவைக் குறைத்து, குறைந்த சூட்டு ப்ரோகிராமுக்கு மாறுங்கள். கடினத்தன்மை எண் தேவைக்கு மேல் போடப்பட்டிருந்தால் அதையும் இறக்குங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒரு தெளிவான கண்ணாடி டம்ளரை எடுத்து, ஒவ்வொரு கழுவலிலும் மேல்தட்டில் அதே இடத்தில் வையுங்கள். ஒரு அமைப்பை மாற்றி, சில கழுவல்களுக்குப் பிறகு அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதன் பிறகு அடுத்ததைத் தொடுங்கள். எண்களைக் கையேட்டின் உட்பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். மின்சாரம் போய் வந்தோ, சர்வீஸ் செய்தவர் மீட்டமைத்தோ எண் மாறிவிட்டால் அப்படியே திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.